கிலோ என்ன ரேட்? வீட்டுப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு தகர ஷெட். கிழக்கு மூலையில் தாத்தா வைத்த உலை, மேற்கே நான் வாங்கிய வெல்டிங் மெஷின், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக, இரும்பை வைத்து அடிக்கிற ஒரு அடைகல். கொடுவாள், களைக்கொத்தும் அடிக்கிறேன், கேட், கிரில்லும் செய்கிறேன். வேலை கொடுக்க வருகிறவர்களும், தொழில் கற்க ஆசைப்படும் தம்பிகளும் கேட்டதையே கேட்கிறார்கள். சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவே முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணா, கிலோ என்ன ரேட்?

வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வரும் கேள்வி. கேட், கிரில், மாட்டுக் கொட்டகை என்றால் கிலோக் கணக்கு பேசலாம். இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறும், அன்றைய விலையோடு கூலி சேரும், அவ்வளவுதான். ஆனால் கொடுவாளுக்குக் கிலோ கேட்டால் என்ன சொல்வது? அதில் இருக்கும் இரும்பு முக்கால் கிலோ தேறினால் அதிகம். நீங்கள் காசு கொடுப்பது அதன் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், விரல் அகலத்துக்கு ஏற்றியிருக்கும் பதத்துக்கு. அதைத் தராசில் வைக்க முடியாது.

கிரில்லுக்கு வருவோம். "பக்கத்து ஊரில் ஆயிரம் ரூபாய் குறைவாகச் சொல்கிறார்கள்" என்று வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மி.மீ. கம்பி? பாதிப் பேருக்குத் தெரியாது. நாலடிக்கு நாலடி ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு அங்குல இடைவெளியில் கம்பி நிறுத்தினால் 13 கம்பி, மொத்தம் கிட்டத்தட்ட 15.85 மீட்டர். 10 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 0.785 கிலோ, ஆக 12.4 கிலோ. அதையே 12 மி.மீ. கம்பியில் போட்டால் மீட்டருக்கு 1.13 கிலோ, ஆக 17.9 கிலோ. இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும், எடையில் 44 சதவீதம் கூடுகிறது.

கணக்கு சுலபம். உருண்டைக் கம்பிக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். சதுரக் கம்பிக்கு அளவை அளவால் பெருக்கி 0.00785-ஆல் பெருக்குங்கள். பழைய ஆட்கள் மூணு நூல், நாலு நூல் என்பார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம், அதனால் மூணு நூலை 10 என்றும் நாலு நூலை 12 என்றும் வைத்துக்கொள்ளலாம். 12 என்று சொல்லி 11 போட்டால் கண்ணுக்குத் தெரியாது, எடையில் 16 சதவீதம் காணாமல் போயிருக்கும். கனம் அளக்கிற வெர்னியர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். என் வேலையையும் அளந்து பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்கொயர் டியூப் கேட் நல்லதா, கம்பி கேட்டா?

டியூப் லேசு, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். திறந்த முனைகளுக்கு மூடி வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். தகட்டின் கனம் எவ்வளவு என்றும் கேளுங்கள். வாசல் கேட்டுக்கு 2 மி.மீ.க்குக் கீழே போனால் நான் செய்து தருவதில்லை.

லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் கொடுவாள் அடிக்கணும் என்கிறார்களே, ஏன்?

அதில் கரிச்சத்து இருக்கிறது. கட்டடத்துக்கும் கிரில்லுக்கும் போடுகிற மைல்டு ஸ்டீலில் கார்பன் 0.25 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதை எவ்வளவு சூடாக்கித் தண்ணீரில் முக்கினாலும் வெட்டு வாய்க்கு வேண்டிய கடினம் வராது. ஸ்பிரிங் பட்டையில் 0.5, 0.6 சதவீதம் இருக்கும். கார்பன் அந்த அளவுக்கு இருந்தால்தான் தோய்ச்சல் ஏறும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கறுப்பு இரும்புதான். தெரியாத துண்டு கையில் கிடைத்தால் கிரைண்டிங் கல்லில் வைத்துப் பொறியைப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் நீளக் கோடாக, கிளை குறைவாகப் பறக்கும். கரிச்சத்து உள்ளது மத்தாப்பு மாதிரி நுனியில் வெடித்துச் சிதறும்.

காயலான் கடைப் பட்டையில் ஒரு ஆபத்து உண்டு. பல வருடம் லாரிக்கு அடியில் குலுங்கியதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நன்றாக அடித்துத் தீட்டி, கடைசியில் எண்ணெயில் முக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அன்றைய கூலி போச்சு. அந்தச் சத்தத்தை மட்டும் எந்தக் கொல்லனும் மறப்பதில்லை.

பதம் பதம் என்கிறீர்களே, அது என்ன?

இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பதில் சொல்லணும்.

பதத்தில் இரண்டு கட்டம். முதலில் தோய்ச்சல், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துக் கடினமாக்குவது. அப்புறம் அந்தக் கடினத்தைக் கொஞ்சம் இறக்குவது. இரண்டாவதைச் செய்யாவிட்டால் கொடுவாள் கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே விழுந்தாலே உடையும்.

அடித்து முடித்த கொடுவாளை உலையில் வைத்து, சிவந்ததும் எடுத்து, அடிக்காமல் காற்றில் ஆற விடுவேன். இதை மூன்று முறை செய்வேன். அடித்ததில் இரும்புக்குள் ஏறிய இறுக்கம் இதில் தளரும், இரும்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய மணிகளும் பொடியாகும். அப்புறம்தான் தோய்ச்சல். ஷெட்டின் மேற்குத் தட்டியை இழுத்து மூடிவிடுவேன், வெயிலில் நிறம் பொய் சொல்லும். அப்பா இந்த வேலையைப் பொழுது சாய்ந்த பிறகுதான் எடுப்பார். காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சிவந்த வாயை அதனிடம் கொண்டு போனால் முதலில் இழுக்கும். சுமார் 770 டிகிரியில் இழுப்பதை நிறுத்திவிடும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நிறம் ஏற வேண்டும், மாதுளை முத்து நிறம் மாறி லேசாக ஆரஞ்சு தட்டும்போது எடுக்கணும். அதற்கு மேலே விட்டால் மணி பெருத்துவிடும். சந்தேகம் இருந்தால் அதே பட்டையில் ஒரு துண்டைத் தோய்த்து உடைத்துப் பாருங்கள். முறிவு சாம்பல் மாதிரி மழமழவென்று இருந்தால் சரி. கல்லுப்பு மாதிரி மினுமினுத்தால் சூடு ஓடிவிட்டது.

ஸ்பிரிங் பட்டைக்குத் தண்ணீர் வேண்டாம், எண்ணெய் போதும். தண்ணீரில் போட்டால் மெல்லிய வாய் விரிசல் விடும். எங்கள் வீட்டில் பழைய கடலை எண்ணெய்தான். அதையும் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே காய்ச்சிக்கொள்வேன். எண்ணெய் சூடாக இருந்தால் இரும்பு மெதுவாகத்தானே ஆறும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆறிக் கெட்டியான எண்ணெயைவிட இளகிய எண்ணெய்தான் வேகமாகச் சூட்டை வாங்கும். வாய் நேராக இறங்கணும், பக்கவாட்டில் அசைத்தால் வளைந்துவிடும். வண்டியில் வடித்த இன்ஜின் ஆயிலில் முக்காதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

இப்போது அரம் வைத்துப் பார்த்தால் வழுக்கும். வாயை உப்புக் காகிதத்தால் தேய்த்து வெள்ளையாக்கி, முதுகுப் பக்கத்தைக் காய்ச்சிய கனமான இரும்பின் மேல் வைப்பேன். சூடு முதுகிலிருந்து வாயை நோக்கி ஊரும். முதலில் வைக்கோல் நிறம், சுமார் 220 டிகிரி. அப்புறம் வெல்லப்பாகு மாதிரி பழுப்பு, 250-260. அதன் பிறகு கத்தரிப்பூ நிறம். 300-ஐத் தொடும்போது நீலம். சமையல் கத்திக்கு வைக்கோலில் நிறுத்தலாம். மரம் கழிக்கிற கொடுவாளுக்குப் பழுப்பு முடிந்து கத்தரிப்பூ தொடங்கும் இடம். முதுகு நீலம் போனாலும் கவலையில்லை, அது அடியைத் தாங்க வேண்டிய இடம். நிறம் வந்ததும் தண்ணீர். ஒரு நொடி தூங்கினால் நிறம் தாண்டிவிடும், மறுபடி தோய்ச்சலிலிருந்து ஆரம்பிக்கணும்.

வாங்கிய கொடுவாள் வாய் போய்விட்டது. யார் தப்பு?

வாயைப் பார்த்தால் தெரியும். மடங்கியிருந்தால் பதம் குறைவு, அடித்தவன் தப்பு. பொரிந்து பல் விழுந்திருந்தால் பதம் அதிகம், அல்லது புளியங்கட்டைக்குப் பின்னால் நீங்கள் கவனிக்காமல் ஒரு கல் இருந்திருக்கிறது. வாயோரம் நீலமாக ஒரு பட்டை தெரிந்தால் யாரோ கிரைண்டரில் சூடேற்றிச் சாணை பிடித்திருக்கிறார்கள். அந்த நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கியாச்சு. சாணை பிடிக்கும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்து நனைத்து நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். என்னிடம் வாங்கியது மடங்கினால் காசில்லாமல் மறுபடி பதம் போட்டுத் தருவேன். நீலமானதுக்குக் கரிக் காசு வாங்குவேன்.

கேழ்வரகு அறுக்கிற கருக்கரிவாளுக்கு ஏன் பழையதையே தேடுகிறார்கள்?

மெஷினில் வெட்டிய பல் ஒரே ஆழம். பழையது கைவேலை; கையால் உளி வைத்து வெட்டும்போது பல் நுனிப்பக்கம் நெருக்கமாகவும் பிடிப்பக்கம் கொஞ்சம் அகலமாகவும் விழும். பற்கள் கைப்பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், அதனால் இழுக்கும்போது தாளைக் கவ்வும். தோய்ச்சலுக்கு முன்பு, இரும்பு மிருதுவாக இருக்கும்போதே அத்தனை பல்லையும் வெட்டி முடிக்கணும். எங்கள் அம்மா இதில் கைகாரி. சம்மட்டியும் போட்டவர்தான், உளி பிடித்தால் கோடு தப்பாது.

யானை தள்ளாத கேட் செய்து தருவீர்களா?

தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்திலிருந்து இப்படிக் கேட்டு வருகிறார்கள். ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக இறங்குகிற ஊர்கள் அவை, கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்படி ஒரு கேட் கிடையாது. நாலு டன் எடை சாய்ந்தால் கேட் நின்றாலும் தூண் நிற்காது. கூர்முனை வைத்துத் தரச் சொன்னால் அதையும் செய்ய மாட்டேன். சாமான் ரூம் ஜன்னல் என்றால் கனமான கம்பி போட்டுத் தருகிறேன், மற்றதை வனத்துறையிடம்தான் பேசணும்.

துருப்பிடிக்காமல் இருக்க என்ன பண்ணலாம்?

பற்றவைத்த இடத்தில் கசடைத் தட்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அப்புறம் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். கொடுவாள், கத்திக்கு வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

இந்த எண்ணெய் விஷயம் பழசு. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் ஆயுதங்கள் நெய் பூசி, மயில்பீலி சூட்டி அழகாகக் காவலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று பாடினாராம். புகழ்வது போலக் குத்தியது அது. எனக்கோ அந்தக் கொட்டில்காரன் நினைவுதான் வரும். அதியமானிடமிருந்து எத்தனை வேல் ஒரே நாளில் வந்து குவிந்ததோ!

வீட்டிலேயே சின்னதாக ஆரம்பிக்க என்னென்ன வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று, அதன் அடியில் காற்றுக் குழாய், கையால் சுற்றுகிற பிளோயர். உலை ரெடி. கரி என்றால் சீமைக்கருவேலக் கரி போதும். நிலக்கரி மலிவாகக் கிடைத்தாலும் பற்றும்போது கந்தகப் புகை விடும், பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருந்தால் அன்றைக்கே பகை. இரண்டு கிலோவுக்குள் ஒரு சுத்தியல், வாய் நன்றாகப் பொருந்துகிற இரண்டு குறடு, ஒரு உளி, அரம், வாளி நிறையத் தண்ணீர். குறடைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், அதுவே உங்கள் முதல் பாடமாக இருக்கட்டும்.

அடைகல்லுக்கு ரயில் தண்டவாளத் துண்டு தேடுவார்கள். பில் இல்லாமல் வாங்கவே கூடாது. ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதற்கு என்றே 1966-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, 'காயலான் கடையில் வாங்கினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. அதற்குப் பதில் லாரி ஆக்சில் துண்டைக் கட்டையில் செங்குத்தாகப் புதைத்துக்கொள்ளுங்கள். தலை சின்னதாக இருந்தாலும் அடி நேராகக் கீழே இறங்கும், தண்டவாளத்தைப் படுக்க வைத்து அடிப்பதைவிட நல்லது.

வெல்டிங்குக்கு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் வீட்டு வேலைக்குத் தாராளம். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15-க்கு 90 முதல் 130. மெல்லிய டியூபில் ஓட்டை விழுந்தால் ஆம்பியரைக் குறையுங்கள், ராடைத் திட்டாதீர்கள். மழைக்காலத்தில் ராடு ஈரம் வாங்கும், டப்பாவை மூடி வையுங்கள்.

ஜிஐ பைப்பைப் பற்றவைக்கலாமா?

ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. அந்தப் பூச்சைச் சுரண்டாமல் கூடாது. எனக்குப் புத்தி வந்த கதையைச் சொல்கிறேன். பந்தல் போட ஒரு பண்டல் ஜிஐ பைப் வந்தது. மழை வேறு, தட்டியை மூடிக்கொண்டு மத்தியானம் முழுக்கப் பற்றவைத்தேன். வெள்ளையாகப் புகை, நூலாம்படை மாதிரி தூள் பறந்தது. இரவு எட்டு மணிக்குக் குளிர் ஆரம்பித்தது. போர்வை மேல் போர்வை, வாயில் காசை வைத்த மாதிரி ஒரு ருசி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. மலேரியா என்றே நினைத்தோம். மறுநாள் சாயங்காலம் தானாக விட்டது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அன்றைக்கு நானும் அரை லிட்டர் குடித்தேன். பாலுக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமில்லை. திறந்த வெளி, ஓரம் சுரண்டிய பைப், நல்ல மாஸ்க், இவைதான் மருந்து. மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வெல்டிங் பார்த்து இரவில் கண் எரிகிறது, உருளைக்கிழங்கு வைக்கலாமா?

கண்ணில் மணல் கொட்டினது மாதிரி இருக்கும், தெரியும். அது கருவிழி மேல் பட்ட வெயில் புண் மாதிரி. ஒன்றிரண்டு நாளில் ஆறும், ஆனாலும் கண் டாக்டரைப் பாருங்கள். கண்ணுக்குள் எதையும் பிழிய வேண்டாம். கிரைண்டரின் காவல் தகட்டைக் கழற்றி வைத்து வேலை செய்வது, பாலியஸ்டர் சட்டை போடுவது, லுங்கியோடு பற்றவைப்பது, மூன்றையும் நான் செய்திருக்கிறேன். லுங்கியில் இருந்த ஓட்டைகளை எண்ணிப் பார்த்த அன்றைக்கு விட்டேன்.

பையன் வேடிக்கை பார்க்கட்டுமே?

இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை? தட்டிக்கு வெளியே நின்று பார்க்கட்டும்.

கரண்ட், லைசென்ஸ், கடன் எல்லாம் எப்படி?

வீட்டு மீட்டரில் தொழில் ஓட்டாதீர்கள். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, மின்வாரியத்தில் கேட்டு வாங்குங்கள். ஊராட்சி அல்லது பேரூராட்சியில் தொழில் உரிமம், இணையத்தில் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு. உத்யம் இலவசம், அதற்குக் காசு கேட்கிறவரிடம் போக வேண்டாம். கடனுக்கு, 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 35 வயது ஆகியிருந்தால் 3 லட்சம் வரை வங்கிக் கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

நீளமாக ஒரு வாள் செய்து தருவீர்களா, சும்மா வீட்டில் மாட்ட?

மாட்டேன். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்கு இல்லாமல் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டு ஆயுதம் ஆயுதச் சட்ட விதிகளில் வரும். 2021-இல் பட்டறைகளில் வாங்குகிறவர் பெயர், முகவரி எழுதி வைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவுறுத்தியது. அன்றிலிருந்து என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கொடுவாள் வாங்க வந்தால் பெயர், ஊர், போன் நம்பர் கேட்பேன். தெரிந்தவராக இருந்தாலும் கேட்பேன், சங்கடப்பட வேண்டாம்.

உலகத்திலேயே முதல் இரும்பு நம்ம பக்கம்தானாமே?

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்ததன் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அன்றைக்குப் பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இன்னும் முந்திய காலக் கணிப்பு, பொ.ஆ.மு. 3345 வரை, வெளியாகிவிட்டது. சரி, டீக்காசு திரும்ப வரவா போகிறது.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தத் தொழில் தெரியாது. கற்க முடியுமா?

முடியும். என்னிடம் இப்போது சம்மட்டி போடுகிற தம்பி ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. வெல்டிங்குக்கு அரசு ஐடிஐ-யில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, எட்டாவது தேறியிருந்தால் போதும். உலை வேலைக்குப் படிப்பு கிடையாது, யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றுதான் பழகணும். முதல் ஆறு மாதம் கொக்கி, ஆணி, மாட்டு முளை இவற்றையே அடியுங்கள். முனையைக் கூராக்கவும், நேராக நிமிர்த்தவும், ஒரே அளவில் பத்து செய்யவும் கை பழகிய பிறகு கத்தி. எல்லாருக்கும் முதல் நாளே கத்திதான் வேண்டியிருக்கிறது.

எப்போது வந்தால் வேலை நடக்கும்?

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை, அன்றைக்குச் சாணை பிடிக்கிற கூட்டம்தான், புது வேலை பேச முடியாது. மாங்காய்ப் பருவத்துக்கு முன்பு தொரட்டிக்கும், ஆயுத பூஜைக்கு முன்பு எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும். அமாவாசைக்கு உலை மூட்டுவதில்லை. மற்ற நாட்களில் காலை ஆறரைக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் உலைப் பக்கம் நானே போக மாட்டேன். பழைய கொடுவாள் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள், பிடி உங்கள் கைக்கு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் புதுசுக்குப் பிடி போடுவேன்.